50 டாலருக்கு ஒரு டாங்கி



போன வாரம் நம் எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகளில் ஒருவன், ராணுவத்தில் கண்டம் செய்து ஏலத்தில் விட்ட ஜோங்கா வண்டி ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறான். பெயர் வேண்டாம், குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஜபல்பூர் தொழிற்சாலையில் நம் ராணுவத்துக்காகவே செய்த வண்டி அது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போட்டிருந்தான். வண்டியில் பாதி துரு, மீதி பச்சை.

மறுநாள் அவன் மனைவி எனக்குத் தனியாக எழுதினாள். "டீச்சர், காயலான் கடைக்குப் போக வேண்டியதை வாசல்ல கொண்டுவந்து வெச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை முழுக்க அதுக்கு அடியிலதான் படுத்துக் கிடக்கார். நீங்க சொன்னா கேப்பார்."

சொல்லலாம் என்றுதான் போனை எடுத்தேன். அதற்குள் வேறொரு ஆளின் நினைப்பு வந்துவிட்டது. இவனாவது ஓடுகிற சாதி வண்டியை வாங்கினான். அந்த ஆள் கடலுக்கு அடியில் கிடந்த டாங்கியை வாங்கினார். முதலில் அந்தக் கதையை எழுதிவிடுகிறேன், அப்புறம் பஞ்சாயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளம்தான். சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர் பாடத்தை எத்தனையோ வருடம் நடத்தினேன். "1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின." இந்த ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண். நானும் கோடு போட்டுச் சரி போட்டேன். அப்படி இறங்குவதற்கு முன்னால் ஒத்திகை பார்த்தார்கள் என்பதையும், அந்த ஒத்திகையிலேயே நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள் என்பதையும் உங்களுக்கு நான் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்ற மாவட்டம். அங்கே கடலோரமாக டார்க்ராஸ் என்று ஒரு சிற்றூர். அதையொட்டி ஸ்லாப்டன் சாண்ட்ஸ் என்ற நீண்ட கடற்கரை. பெயரில்தான் மணல், காலை வைத்தால் கூழாங்கல். அந்த ஊரில் கென் ஸ்மால் என்பவர் தன் குடும்பத்தோடு ஒரு விருந்தினர் விடுதி நடத்திவந்தார். 1970களின் தொடக்கத்தில் அவருக்குக் கடுமையான மனச்சோர்வு. அதிலிருந்து மீளக் கடற்கரையில் நடக்க ஆரம்பித்தார். புயல் அடித்து ஓய்ந்த காலைகளில் கரையில் சில பொருள்கள் ஒதுங்கிக் கிடக்கும். துப்பாக்கிக் குண்டுகள், வெடித்த குண்டின் சிதறல்கள், ராணுவச் சட்டைப் பொத்தான்கள். ஒருமுறை மோதிரம்கூடக் கிடைத்தது. இவ்வளவு போர்ச் சாமான் இந்தச் சின்ன ஊர்க் கரைக்கு எப்படி வந்தது என்று அவருக்கு உறுத்தியது.

ஊர் மீனவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, கரையிலிருந்து முக்கால் மைல் தூரத்தில், சுமார் 60 அடி ஆழத்தில் ஏதோ கிடக்கிறது என்று தெரியவந்தது. ஆளை வைத்து மூழ்கிப் பார்த்தார்கள். அமெரிக்க ஷெர்மன் டாங்கி, அதுவும் சாதாரண ஷெர்மன் இல்லை. நீந்துகிற டாங்கி.

டாங்கி நீந்துமா என்று இப்போது நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. 30 டன் இரும்பை மிதக்க வைக்க வழி கண்டவர் நிக்கோலஸ் ஸ்ட்ராஸ்லர், ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பொறியாளர். டாங்கியைச் சுற்றிலும் கேன்வாஸ் துணியால் ஒரு சுவர். காற்றடைத்த ரப்பர்க் குழாய்கள் அந்தச் சுவரை நிமிர்த்திப் பிடிக்கும். இப்போது அது துணியால் ஆன படகு மாதிரி. ஒரு பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கினால் மிதக்கும் என்று ஆர்க்கிமிடீஸ் விதியை ஆறாம் வகுப்பில் வாளித் தண்ணீரில் செய்து காட்டினேனே, அதேதான். பின்னால் இரண்டு சுழல்விசிறிகள். தரையில் சக்கரப் பட்டையை ஓட்டுகிற அதே எஞ்சின் தண்ணீரில் விசிறியையும் ஓட்டும். இப்படி இரட்டை ஓட்டம் என்பதால் 'டி.டி.' டாங்கி என்று பெயர். படையாட்கள் அதை டொனால்ட் டக் என்று கேலி செய்தார்கள். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குக் கேலி வராது. அவன் தலை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும். அவனுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது அந்தத் துணி. ஒரு அடி அலைக்குத்தான் அது தாங்கும் என்பது கணக்கு. நார்மண்டியில் ஓமஹா என்று பெயர் வைத்த கரையில், ஒரு டாங்கிப் படைப்பிரிவு கரைக்கு வெகு தூரத்திலேயே 29 டாங்கிகளைக் கடலில் இறக்கிவிட்டது. அவற்றில் 27 மூழ்கின.

இந்த மாதிரி விசித்திர வண்டிகள் ஏன் தேவைப்பட்டன? காரணம் டியெப். 1942 ஆகஸ்ட் 19 அன்று பிரான்சின் டியெப் துறைமுகத்தில், பெரும்பாலும் கனடா வீரர்களைக் கொண்ட படை இறங்கியது. டாங்கிகள் கூழாங்கல்லில் சக்கரம் சுற்றி நின்றுவிட்டன. கடற்சுவரை வெடி வைத்து உடைக்கவேண்டிய பொறியாளர் படையினர் வெட்டவெளியில் வெடிமருந்தைச் சுமந்துகொண்டு ஓடினார்கள். சுவர் வரை போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு. அன்று இறந்த கனடாக்காரர்கள் மட்டும் 900க்கு மேல். பொறியாளரை இரும்புக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் கரைக்கு அனுப்ப வேண்டும் என்ற யோசனை அந்தத் தோல்வியில் பிறந்தது.

அந்த வேலையை ஒப்படைக்க ஆள் தேடியபோது பெர்சி ஹோபார்ட் இருந்தார். அவர் மேஜர் ஜெனரல். டாங்கிப் போரில் பழுத்த அனுபவம். மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் 1940ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஊர்க்காவல் படையில் லான்ஸ் கார்ப்பரலாகச் சேர்ந்துவிட்டார். ஜெனரல் கார்ப்பரல் ஆன கதை! சர்ச்சில் தலையிட்டுத் திரும்ப அழைத்தார். அவர் தலைமையில் 79வது கவச டிவிஷன் இந்த விசித்திர வண்டிகளின் கூடாரமானது. கண்ணிவெடிகளைச் சங்கிலியால் அடித்து வெடிக்கவைக்கும் டாங்கி, சேற்றில் துணிப்பாதை விரித்துக்கொண்டே போகும் டாங்கி, பள்ளத்தின்மேல் பாலம் போடும் டாங்கி. இவற்றில் பொறியாளர் படைக்கென்றே ஆனது ஏ.வி.ஆர்.இ. என்ற வண்டி. சர்ச்சில் டாங்கியின் பீரங்கியைக் கழற்றிவிட்டு, சுவரைப் பெயர்க்கிற குட்டையான குண்டுக் குழல் ஒன்றைப் பொருத்தினார்கள். அதன் குண்டு 40 பவுண்டு எடை. பறக்கும் குப்பைத்தொட்டி என்று அதற்குப் பட்டப்பெயர்.

பொறியாளர் படை என்றவுடன் நம் ஊரிலிருந்து சாப்பர்ஸில் சேர்ந்த தாத்தாக்கள் நினைவுக்கு வருவார்கள். சம்பந்தம் இருக்கிறது. நார்மண்டிக் கரையில் முள்கம்பி வேலியை அறுக்கப் பயன்பட்ட, வெடிமருந்து அடைத்த நீளக் குழாய்க்கு பெங்களூர் டார்பிடோ என்று பெயர். 1912ல் பெங்களூரில், மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த மெக்ளின்டாக் என்ற அதிகாரி உருவாக்கியது அது. இதையும் நான் பாடத்தில் சொன்னதில்லை.

ஸ்லாப்டனுக்குத் திரும்புகிறேன். நார்மண்டியில் யூட்டா என்று பெயர் வைத்திருந்த கரையும் இந்தக் கரையும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தன. முன்னால் கரை, அதற்குப் பின்னால் நீர்நிலை. ஒத்திகைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 1943 கடைசியில் சுற்றுவட்டாரத்தில் 30,000 ஏக்கரையும் காலி செய்யச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. சுமார் 3,000 பேர், ஆறே வாரத்தில், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெளியேற வேண்டும். ஆடு மாடு, வைக்கோல், கிழவிகள், தொட்டில் பிள்ளைகள், எல்லாம் கிளம்பின. எதற்கென்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

1944 ஏப்ரல் கடைசியில் 'டைகர்' என்ற பெயரில் பெரிய ஒத்திகை. ஏப்ரல் 28 விடியலுக்கு முன், டாங்கிகளையும் லாரிகளையும் ஏற்றிச் செல்லும் எட்டுப் பெரிய தரையிறக்கக் கப்பல்கள் வரிசையாக ஸ்லாப்டனை நோக்கி வந்துகொண்டிருந்தன. அவற்றில் பெரும்பாலும் இருந்தவர்கள் 1வது பொறியாளர் சிறப்புப் பிரிகேடைச் சேர்ந்தவர்கள். சண்டை போடுகிற முதல் வரிசை இல்லை. கரையில் பாதை போடுபவர்கள், சாமான் இறக்குபவர்கள், லாரி ஓட்டுபவர்கள். துணைக்கு இரண்டு போர்க்கப்பல்கள் வரவேண்டும். ஒன்று மோதலில் அடிபட்டுத் துறைமுகத்தில் நின்றுவிட்டது. மாற்றுக் கப்பல் வந்து சேரவில்லை. அமெரிக்கக் கப்பல்களுக்குக் கொடுத்த வானொலி அலைவரிசையிலும் தட்டச்சுப் பிழை. அதனால் பிரிட்டிஷ்காரர்களின் எச்சரிக்கை அவர்கள் காதில் விழவே இல்லை.

பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஒன்பது ஜெர்மன் அதிவேகப் படகுகள் இருட்டில் இவர்களைக் கண்டுபிடித்தன. இரண்டு கப்பல்கள் மூழ்கின. மூன்றாவது பின்பகுதி சிதைந்து தப்பியது. இறந்தவர்கள் 749 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குண்டில் செத்தவர்களைவிட என்னை உலுக்கியது தண்ணீரில் குதித்தவர்களின் கதை. அவர்களுக்கு உயிர்காப்புப் பட்டையை எப்படிக் கட்டுவது என்று யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை. முதுகில் மூட்டை இருந்ததால் பலர் அக்குளுக்குக் கீழே கட்டாமல் இடுப்பில் கட்டியிருந்தார்கள். காற்று நிரம்பியதும் கனத்த மேல் உடம்பு கவிழ்ந்தது. தலை நீருக்குள், கால் மேலே. மிதந்தபடியே மூழ்கிப் போனார்கள். சொல்லிக் கொடுப்பதே தொழிலாக இருந்த எனக்கு அந்தப் பகுதியை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

ஒரு கப்பலின் தலைவர், ஜான் டாயில், தப்பியோடச் சொன்ன உத்தரவை மீறித் தன் கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்து 130 பேருக்கு மேல் காப்பாற்றினார். ஆறு வாரம் கழித்து நிஜ யூட்டா கரையில், ஜூன் 6 அன்று 4வது காலாட்படை டிவிஷனில் இறந்தவர், காயப்பட்டவர் எல்லாரும் சேர்ந்தே சுமார் 200 பேர்தான். ஒத்திகையில் போன உயிர் அதைப்போலப் பல மடங்கு.

செய்தியை உடனே அமுக்கினார்கள். படையெடுப்பு ரகசியம் தெரிந்த பத்து அதிகாரிகளைக் காணவில்லை. அவர்கள் ஜெர்மானியர் கையில் சிக்கியிருந்தால் எல்லாம் பாழ். பத்துப் பேரின் உடலும் கிடைக்கும் வரை தளபதிகளுக்குத் தூக்கமில்லை. உயிர் பிழைத்தவர்களுக்கும் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. போருக்குப் பிறகும் இதைத் திட்டமிட்டு மறைத்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. 1944 ஆகஸ்டிலேயே விவரம் வெளியே விடப்பட்டது. ஐசனோவரின் உதவியாளர் 1946ல் எழுதிய நூலிலும் வருகிறது. நார்மண்டி வெற்றிக்குப் பிறகு ஒரு ஒத்திகையை யார் எடுத்துப் பேசப் போகிறார்கள்? அவ்வளவுதான் நடந்திருக்கும். அதற்காக அந்த 749 வீடுகளின் கோபத்தைக் குறை சொல்லவும் மாட்டேன். எப்படிச் செத்தான் என்றே தெரியாமல் தாய்மார்கள் காலத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

1954ல் அமெரிக்க ராணுவம் அந்தக் கடற்கரையில் ஒரு நினைவுத்தூண் வைத்தது. வீடு வாசலை விட்டுக்கொடுத்த ஊர்மக்களுக்கு நன்றி சொல்லும் தூண். நல்ல காரியம். ஆனால் டைகர் ஒத்திகையில் செத்தவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

கென் ஸ்மால் தினமும் நடந்தது அந்தத் தூணைத் தாண்டித்தான். டாங்கியை வெளியே எடுத்துக் கரையில் நிறுத்தினால் அதுவே இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. (அந்த டாங்கி படகுத் தாக்குதலில் மூழ்கியதில்லை. அதே கரையில் நடந்த ஒத்திகையில் மூழ்கியது. ஆனாலும் அந்த நாட்களின் சாட்சி அது.) கடலில் கிடக்கிறது என்று எடுத்துவந்துவிட முடியாது. மூழ்கினாலும் அது அமெரிக்க அரசின் சொத்து. எழுதினார், காத்திருந்தார், மறுபடி எழுதினார். 1974ல் அமெரிக்க அரசு அவருக்கு டாங்கியை விற்றது. விலை 50 டாலர்.

வாங்கிவிட்டார். கையில் ரசீது இருக்கிறது, பொருள் 60 அடி ஆழத்தில் இருக்கிறது. மேலே கொண்டுவரப் பத்து வருடம் ஆனது. பணம் இல்லை, பெரிய இடத்து உதவி இல்லை. ஊர்க்காரர்களும் கடலில் மூழ்கி வேலை செய்பவர்களும் கைகொடுத்தார்கள். 1984 மே மாதம், 40 வருடம் உப்புநீரில் கிடந்த டாங்கி கரைக்கு இழுத்துவரப்பட்டது. கேன்வாஸ் எப்போதோ போய்விட்டது, இரும்பு இருந்தது.

துரு எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தொழில் விஷயம். கடலுக்குள் கிடக்கும் இரும்பைவிட, வெளியே எடுத்த பிறகுதான் ஆபத்து அதிகம். உப்பு இரும்பின் துளைகளுக்குள் இறங்கியிருக்கும். வெளிக்காற்றின் ஆக்சிஜன் பட்டதும் துரு வேகமாகத் தின்ன ஆரம்பிக்கும். உப்பைக் கழுவி எடுத்து, துருவைச் சுரண்டி, காற்றுப் புகாதபடி பூச்சு பூச வேண்டும். கடலோரத்தில் நிற்பதால் அந்தப் பராமரிப்புக்கு முடிவே கிடையாது. அந்த டாங்கியை எஞ்சின் ஓடும்படி புதுப்பிக்கவில்லை. கறுப்பு நிறத்தில் டார்க்ராஸ் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1987 நவம்பரில் அமெரிக்க அரசே அங்கே ஒரு கல்வெட்டுப் பலகை வைத்தது. 43 வருடம் கழித்து.

அதன்பின் ஒத்திகையில் பிழைத்த கிழவர்கள் அமெரிக்காவிலிருந்து வர ஆரம்பித்தார்கள். கென் ஸ்மால் டாங்கிக்குப் பக்கத்திலேயே இருந்து வருகிறவர்களோடு பேசுவார். 2004ல் இறக்கும்வரை அதுதான் அவர் வேலையாக இருந்தது.

எல்லாவற்றையும் தோண்டி எடுக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்கலாம். நார்மண்டியில் கிராய்-சுர்-மேர் என்ற ஊரில் ஒரு ஏ.வி.ஆர்.இ. வண்டி ஜூன் 6 அன்றே நீர் நிறைந்த பள்ளத்தில் முழுகிவிட்டது. குழுவினர் வெளியேறினார்கள், ஆனால் மணல்மேட்டில் ஒதுங்கியபோது குண்டு விழுந்து சிலர் இறந்தார்கள். ஓட்டுநர் பில் டன் படுகாயத்தோடு பிழைத்தார். பின்னால் வந்தவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. முழுகிய டாங்கியின் முதுகையே தூணாக வைத்துப் பாலத்தைச் சாத்தினார்கள். அதன் மேலேயே படை உள்நாட்டுக்குள் போனது. பிறகு மண்ணைப் போட்டு மூடிப் பாதையாகிவிட்டது. 32 வருடம் மண்ணுக்குள் இருந்த வண்டியை 1976ல் தோண்டி எடுத்துச் சுத்தம் செய்து அதே இடத்தருகே நிறுத்தினார்கள். கவசத்துக்குள் பொறியாளரை உட்காரவைத்த வண்டி, கடைசியில் தானே பாலத்தின் காலானது.

இதற்கு எதிரான உதாரணமும் இருக்கிறது. இங்கிலாந்தின் செல்சி முனைக்கு அப்பால் இரண்டு டாங்கிகளும் இரண்டு கவச புல்டோசர்களும் கடலடியில் கிடக்கின்றன. படையெடுப்புக்குக் கிளம்பிய இரவே, அவற்றை ஏற்றிய கப்பல் கவிழ்ந்துவிட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அவற்றைத் தூக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் என்று அறிவித்து அங்கேயே விட்டுவிட்டார்கள். இப்போது இறால்களும் மீன்களும் குடியிருக்கின்றன. எனக்கு இதுவும் சரியாகத்தான் படுகிறது. அங்கே யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய கடன் இல்லை. டார்க்ராஸில் இருந்தது.

சரி, பஞ்சாயத்து.

மருமகளே, உன் கணவனிடம் வண்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். வருத்தப்படாதே. ஆனால் மாதம் இரண்டு ஞாயிறு உனக்கு, இரண்டு ஞாயிறு வண்டிக்கு. இது என் தீர்ப்பு. அவன் மீறினால் எனக்கு எழுது, பழையபடி பெஞ்சு மேல் ஏற்றிவிடுகிறேன்.

உனக்கும் ஒரு வீட்டுப்பாடம், தம்பி. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் அந்தப் பழைய பச்சையை ஒரு இடத்தில் மெதுவாக உரசிப் பார். ராணுவ வண்டிகளில் படைப்பிரிவின் அடையாளக் குறியும் எண்ணும் எழுதியிருப்பார்கள். அடுத்தடுத்த பூச்சுகளுக்கு அடியில் அது இருந்தாலும் இருக்கும். கிடைத்தால் போட்டோ எடுத்துவிட்டு அப்புறம் தூரிகையைத் தொடு. எந்தப் படை, எந்த ஊர், யார் ஓட்டினார்கள் என்று விசாரி. ஏலக் காகிதத்தைப் பத்திரமாக வை. நம் குழுவிலேயே ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்